முப்பத்தெட்டுப் பித்தளைப் பூட்டுகள்

ஆயர் அவர்களே, நம் சபையின் ஆண்டு மலரில் நீங்கள் பொய் அச்சடிக்கிறீர்கள். இந்த வருடம் மட்டுமல்ல, ஆறு வருடமாக. 'சமூகப் பணி' பக்கத்தில் ஒரு போட்டோ வருகிறதே, மஞ்சள் தொப்பி போட்ட பெண்கள் சபை மண்டபத்தில் உட்கார்ந்து கை தட்டுகிற போட்டோ. அதன் கீழே 'கால்வாய்க்கரைக் குடும்பங்கள் வீட்டுரிமை பெற்ற நாள்' என்று இருக்கிறது. அன்றைக்கு யாரும் எதையும் பெறவில்லை. இருந்ததும் போயிற்று.

அந்த வரியை முதலில் எழுதிக் கொடுத்தவன் நான்தான், அன்று மத்தியானம் மண்டபத்தில் வைத்தே. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவரை அதட்டுவது என் தொழில். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் என்னைச் சமூகப் பணிக் குழுவின் செயலாளர் ஆக்கினார்கள் போலிருக்கிறது.

கால்வாய்க் கரையில் இருந்த குடிசைகளை எடுக்கப்போகிறார்கள், கணக்கில் வருகிறவர்களுக்கு மட்டும் மாற்று வீடு என்று பேச்சு கிளம்பியபோது எனக்குள் ஒரு போராளி எழுந்தான். (அதுவரை நான் போராடியது பார்க்கிங்குக்காக மட்டும்தான்.) ஒரு சனிக்கிழமை முழுக்க வீட்டுரிமை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது என்று முடிவு செய்தேன். மற்ற நாளில் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை என்றால் வீட்டில் இருப்பார்கள், அள்ளிக்கொண்டு வந்துவிடலாம். பெரிய திட்டம்.

வேன் பேசியாயிற்று. சிக்கன் பிரியாணி சொல்லியாயிற்று. 'என் வீடு என் உரிமை' என்று தொப்பி அடித்தாயிற்று. ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் பேச ஒத்துக்கொண்டார். எனக்கு ஒரே பயம், மண்டபம் நிறையுமா என்பதுதான். காலி நாற்காலி ஒன்றைக்கூட அந்த மனிதர் பார்த்துவிடக் கூடாது.

வீடு வீடாகப் போய் அழைத்தேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கதவுக்குப் பூட்டு இல்லை, வீட்டை அப்படியே போட்டுவிட்டு எப்படி வருவது? உண்மைதான். பாதிக் கதவுகளுக்குக் கொண்டியில் கம்பிதான் முறுக்கியிருந்தது. யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பார்கள், அதுதான் அங்கே பூட்டு.

அதற்கு நான் ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். வீட்டுக்கு ஒன்று என்று முப்பத்தொன்பது பித்தளைப் பூட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் சபையின் பெயரையும் 'என் வீடு என் உரிமை'யையும் ஸ்டிக்கராக ஒட்டினேன். கமிட்டியில் கை தட்டினார்கள். நீங்களும்தான், ஆயரே.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வேன் வந்தது. நானே நின்று ஒவ்வொரு கதவாகப் பூட்ட வைத்தேன். செல்வி மட்டும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலு பிளாட்டில் வேலை செய்கிறவர்.

"சார், ஆபீசருங்க கணக்கெடுக்க எப்ப வேணா வருவாங்கன்னு சொல்லிக்கினு கீறாங்க. மாமியாரு ஊட்லயே இருக்கட்டும். அதால நடக்கவும் முடியாது."

"சனிக்கிழமை எந்த ஆபீசர்ம்மா வருவான்? நாற்காலியோட தூக்கிட்டு வரச் சொல்றேன்."

"இன்னா சார் நீ, கல்யாணமா நடக்குது? ஒரே ஒரு ஆளு இருந்தா இன்னா ஆயிடும்?"

"முதல் வரிசையில உக்கார வைக்கிறேன். அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

நாற்காலியோடு தூக்கினோம். அந்த அம்மா என்னைப் பார்த்து, "பிரியாணி மெத்துனு இருக்குமா நைனா? எனக்குப் பல்லு இல்ல" என்று மட்டும் கேட்டார்.

எதிர் வீட்டு ஏழுமலை ஒருவர்தான் அசையவில்லை. வெள்ளிக்கிழமை குடித்தது இறங்காமல் வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். உலுக்கினேன். "எழுந்திரிங்க, எல்லாம் உங்க உரிமைக்காகத்தான்."

"உரிமைய நீயே வெச்சுக்கோ. எனக்குத் தூக்கம் வருது."

இப்படிப்பட்ட ஆட்களால்தான் நாடு உருப்படவில்லை என்று வேனில் ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். அவருக்கு வைத்திருந்த பூட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். தண்டனையாம்.

மண்டபத்துக்குள் நுழையும்போதே ஒரு பதிவேட்டில் ஒவ்வொரு குடும்பமும் பெயர், வந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஏற்பாடு. எழுதத் தெரியாதவர்கள் கைரேகை வைத்தார்கள். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது. ரிட்டயர்டு அதிகாரி இரண்டு மணி நேரம் பேசினார். பதினொன்றரை இருக்கும், "கணக்கெடுப்பு வருகிற நாளில் நீங்கள் வீட்டில் இருக்கவேண்டும். அதுதான் முதல் விதி" என்றார். நான்தான் முதலில் கை தட்டினேன். கூட்டமும் தட்டியது. உங்கள் மலரில் வருவது அந்த நிமிடத்துப் போட்டோ.

கை தட்டல் அடங்கும்போது செல்வியின் போன் அடித்தது. கூட்டத்தில் போன் அடித்தால் எனக்குப் பிடிக்காது. நேராகப் போய் வாங்கி, அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "ஏழுமலைதான் சார், இன்னானு கேட்டுட்டுத் தரேன்" என்றார். "போதையில எதையாவது உளறுவாரு, விடும்மா" என்றேன்.

நாலு மணிக்குத் திரும்பினோம். கதவுகளில் சாக்பீஸால் ஒரு வட்டம், உள்ளே 'பூட்டு' என்று எழுதியிருந்தது. நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பூட்டு கொடுத்த வீடுகளைக் குறித்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, சத்தமாக "வெரி குட்" என்றேன். முப்பத்தெட்டுக் கதவுக்கு முன்னால் நின்று வெரி குட் சொன்னவன் நான்.

ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் கணக்கெடுத்தவர்கள் கொடுத்த டோக்கன். "நாலு தபா போன் அட்ச்சேன் செல்வி. சுவிட்ச் ஆப்னே சொல்லுது. ஆபீசருங்க வந்து கணக்கெடுத்துக்கினு போய்ட்டாங்க."

செல்வி என்னைத் திட்டவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார். நான் போனை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, கணக்கெடுத்தவர்களின் ஆபீசில் போய்க் கத்தினேன். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "வேலைக்குப் போறவங்க வீட்ல இருக்கட்டும்னுதான் சார் சனிக்கிழமை போனோம். வரிசையா புதுப் பூட்டு. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே ஸ்டிக்கர். யாரோ மொத்தமா வளைச்சுப் போட்டிருக்காங்க, ஆள் குடியில்லைன்னு எழுதிட்டோம்." கண்ணைக் குறுக்கிக்கொண்டு, "ஆமா, ஸ்டிக்கர்ல இருக்கற சபையில நீங்க யாரு?" என்றார்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, செயலாளர் என்று சொல்லாமல், "சும்மா மெம்பர் சார்" என்றேன்.

அடுத்த வருடம் இடித்தார்கள். ஏழுமலைக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. என் கூட்டத்துக்கு வந்த முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் ஒன்றுமில்லை. செல்வி தாம்பரம் தாண்டி ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார். மூன்று பஸ் மாறி அதே நாலு பிளாட்டுக்கு வருகிறார். மாமியார் அந்த அறையில்தான் இறந்தார். கடைசி வரைக்கும் "நம்ம வூட்டுக்கு எப்ப போறோம்" என்று கேட்டாராம்.

சாவுக்குப் போயிருந்தேன். கதவில் அதே பித்தளைப் பூட்டு தொங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்து செல்வி, "நல்ல பூட்டு சார். துருவே பிடிக்கல" என்றார். உள்ளே சுவரில் நம் ஆண்டு மலர் போட்டோவுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா, தொப்பி பாதிக் கண்ணை மறைத்திருக்கிறது. வேறு போட்டோவே கிடையாதாம்.

"கீழ நீ எழுதனத மட்டும் கத்தரிச்சிட்டேன் சார்" என்றார்.

ஏழுமலைக்கு வாங்கிய பூட்டு என் வீட்டு கேட்டில் இருக்கிறது. வெளியே கிளம்பும்போதெல்லாம் என் மனைவி எஸ்தர் சாவியை ஆட்டிக்கொண்டு, "செயலாளர் சார், பூட்டலாமா? கணக்கெடுக்க யாரும் வரலியே?" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் கதை சொல்லுவார்கள். நானும் சிரிப்பேன். நாற்காலியோடு தூக்கிய இடம் வந்தால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கணக்கில் விட்டுப்போனவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் ஆதாரத்தோடு வரலாம் என்று அதே ஆபீசில் அறிவித்திருக்கிறார்கள். அன்று முழுக்க அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு ஒரே ஆதாரம் அந்தப் பதிவேடு. அது சபை ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. மூன்று முறை கேட்டேன். "சபைக்குக் கெட்ட பேர் வந்துடும் பிரதர், ஜெபிப்போம்" என்றீர்கள். ஜெபித்தோம். பீரோ திறக்கவில்லை.

சாவி உங்களிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு, ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் மைக்கில் சொல்லுங்கள்: அந்த முப்பத்தெட்டுக் குடும்பமும் அன்று நம் மண்டபத்தில்தான் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டோடு கொடுப்பீர்களா, மாட்டீர்களா? ஆமாம் அல்லது இல்லை. செல்வி வருவார். இந்தத் தடவை அவரை முதல் வரிசையில் உட்காரச் சொல்லமாட்டேன், எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.