விழ மறுக்கும் கம்ப்யூட்டர் பற்றித் தம்பிக்கு

ஆரணி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி பரசுராமனுக்கு,

அக்கா சூர்யகலா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். நீ பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

எங்கள் புடவை டிசைன் புரோகிராம் ஓடுவதற்காக, ஊர் உலகமெல்லாம் சேர்ந்து இலவசமாக எழுதிக் கொடுத்த இன்னொரு புரோகிராம் இருக்கிறதே, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் மாதிரி, அது வேகமாக ஓட நீ சி மொழியில் எழுதிச் சேர்த்த பகுதி வந்ததிலிருந்து, திரையில் முந்தானை அன்னப் படத்தைத் திருப்பினால் எல்லாம் பொத்தென்று விழுந்து மூடிக்கொள்கிறது என்று சொன்னேன் அல்லவா. நீயும், "தப்பு எம்மேலயா, என்கூட எழுதற மத்தவங்க மேலயான்னு தெரியலக்கா. திங்கட்கிழமைக்குள்ள சொல்லலன்னா என் பகுதியையே தூக்கிடுவாங்க. இன்னொரு வாட்டி விழ வை. விழும்போது ஒரு ஃபைல் எழுதும், அதை அனுப்பு" என்றாய். நான் என்ன செய்வேன்? முந்தின நாள்தான் அது இனி விழவே கூடாது என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து மானிட்டரிலேயே கட்டியிருந்தேன். அன்றிலிருந்து விழவில்லை! அன்னத்தை இப்படித் திருப்புகிறேன், அப்படித் திருப்புகிறேன், தலைகீழாகக்கூட நிற்க வைத்தேன், கல்லு மாதிரி நிக்குது. முடிச்சை அவிழ்க்கலாமா என்று பூசாரியைக் கேட்டால், "ஏம்மா, நல்லா ஓடிகினு இருக்கிறத விழவைக்கச் சொல்லி அம்மனாண்ட கேப்பியா? பேஜார் பண்ணாதம்மா" என்கிறார். தம்பி பேர் கெட்டுடும் சாமி என்றேன். "அப்போ அவனையே வந்து கேக்கச் சொல்லு" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நீ எப்ப வந்து, எப்ப கேட்டு, இது எப்ப விழறது? உன் மாமாவிடம் அழுதால் அவர் பாட்டுக்குத் தறிப் பக்கம் நழுவுகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே உன் வேலைக்குக் குறுக்கே அம்மனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே, அவளிடம் போய் நகரு தாயே என்று எந்த வாயால் சொல்வேன்?

அவள் உன் கைக்கும் எழுத்துக்கும் காவலாக இருக்கட்டும்.

உன் அக்கா,
சூர்யகலா

பின்குறிப்பு: அம்மன் மேல் பழி போட்டது தப்பு. உன் மாமா இப்போதுதான் வாயைத் திறந்தார். "நீ அழுவுறதப் பாக்க முடியாம அன்னிக்கே தம்பி எழுதினது சேராத பழைய வெர்ஷனைப் போட்டுட்டேன் கலா. சொன்னா திட்டுவியேன்னு..." திட்டியாகிவிட்டது. புதியதைத் திரும்பப் போட்டோம். அன்னத்தைத் திருப்பினேன், விழுந்தது, ஃபைலும் வந்தது. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் திறந்து பார்த்தேன். விழுந்த இடம் என்று நீ எழுதிய பகுதியின் பெயர்தான் இருக்கிறது தம்பி. ஃபைலை இத்துடன் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். ஜல்தி சரி பண்ணு. பண்ணிட்டு, தப்பு எம்மேலதான்னு நீயே முந்திச் சொல்லிடு, அவங்க வாயால வர்றதுக்குள்ள.