முதலாளி நேரில் வர வேண்டும்

மாவு சுரண்டும் தகட்டால் பேக்கரிக் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் குல்சாத். கதவிலிருந்த, படம் போட்ட இரங்கல் அறிவிப்பில் ஒரு வரிதான் கிழிந்து வந்தது.

"அடிப்பாவி, அதை ஏன்டி கிழிக்கிற?" எதிர்ப் பூக்கடை மின்கா ஓடிவந்தாள். "முதலாளியோட தாத்தா செத்து நாப்பது வருஷம்னு நேத்துதான ஒட்டுனாங்க!"

"அக்கா, இன்னிக்கு விசா ஆபீசர் வர்றாரு. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பேரு, ஒரே மூக்கு. முதலாளியே செத்துட்டாருன்னு நினைச்சுட்டா?"

"எங்க ஊர்ல செத்தவங்க அறிவிப்பைக் கிழிச்சா, அவங்களே வந்து கேப்பாங்க, பாத்துக்க."

கிர்கிஸ்தானிலிருந்து வந்த குல்சாத்துக்கு உயிரோடிருப்பவர்களிடம்தான் பயம். அவளுடைய வேலை விசா ஸ்தாமென் இலியேவ் என்ற ஒரே முதலாளியை நம்பி நின்றது. அவர் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டால் விசா நீளும். இல்லாவிட்டால் நாடுகடத்தல்தான். மகள் ஐசாதா அடுத்த மாதம் இங்கே வந்து சேர இருந்தாள். அந்த நினைப்பில்தான் இத்தனை காலம் மாவு பிசைந்தாள்.

முதலாளியோ, மாவு பிசையும் மெஷின் மலிவாகக் கிடைக்கிறதென்று விடிவதற்குள் பாலம் தாண்டி ருமேனியாவுக்குப் போயிருந்தார்.

டான்யூப் நதியின் பனிமூட்டம் தெருவை விழுங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து ஆபீசர் வெலிகோவ் வந்தார். நேரே கதவைப் பார்த்தார். பெயர், பேக்கரித் தொப்பி போட்ட படம், கறுப்புச் சிலுவை எல்லாம் பத்திரமாக இருந்தன. 'நாற்பது ஆண்டுகள்' என்ற வரி மட்டும் குல்சாத்தின் கையில் கசங்கிக்கிடந்தது.

"செத்த ஆளுகிட்டயாம்மா வேலை பாக்குற?"

"சார், அது தாத்தா! கல்லறைக்கு வாங்க, காட்டுறேன்."

போகும் வழியில் முதலாளிக்குப் போன் போட்டாள். "ஐயா, நேரா கல்லறைக்கு வந்துடுங்க!"

"பாலத்துக்குக் கிட்டதான் இருக்கேன், வந்துடுறேன்…" இரைச்சலோடு போன் செத்துப்போனது.

கல்லறையில் அடுத்த வினை காத்திருந்தது. ஸ்தாமென் சரியான கஞ்சர். ஒரே பெயருக்கு இரண்டு தடவை கல்தச்சனுக்கு அழுவானேன் என்று, தாத்தாவின் கல்லையே தனக்கும் ஒதுக்கி, பெயருக்குக் கீழே தன் பிறந்த வருடத்தை மட்டும் புதிதாக வெட்டிவைத்திருந்தார். தாத்தாவின் வருடங்களைப் பாசி தின்றிருந்தது.

"இது உங்க முதலாளி பொறந்த வருஷம்தான?" ஆபீசர் பேனாவைத் திறந்தார். "முதலாளி இல்லைன்னு எழுதிடறேன்."

குல்சாத் குறுக்கே வந்து நின்றாள். "கொஞ்சம் பொறுங்க சார், வந்துடுவாரு…"

"யாரும்மா என்னைத் தேடுறது?"

கல்லுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. வெள்ளைத் தொப்பி, ஏப்ரன், அதே மூக்கு. தலை முதல் கால்வரை மாவு. அதுவரை கல்லறைச் சுவருக்கு வெளியே குரைத்துக்கொண்டிருந்த தெரு நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்தின.

"இலியேவ்? ஏன்யா இவ்வளவு லேட்டு?" ஆபீசர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இங்கதான் படுத்திருந்தேன். எழுந்திரிக்கக் கொஞ்சம் நேரமாயிடுச்சு."

"சரியான குசும்புய்யா உனக்கு. முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போடு."

அவர் ஸ்தாமென் இலியேவ் என்று பழைய காலத்துக் கோணல் எழுத்தில் எழுதினார். பேனாவைத் திரும்ப வாங்கிய ஆபீசர், ஐஸைத் தொட்டதுபோல் கையை உதறினார். முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டுக் கேட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"நல்லா உழைக்கிற பொண்ணு நீ, நல்லா இருப்ப," என்றார் மாவு படிந்த மனிதர். "போனதும் அந்தக் காகிதத்தை ஒட்டிடு. தெரு பாக்கப் படம் போட்டுட்டுக் கிழிச்சா ஒரு மாதிரியா இருக்குல்ல."

"கட்டாயம் ஒட்டிடறேன் ஐயா. மெஷின் எங்க?"

அதற்குள் பனி அவரை மூடிவிட்டது. மெஷினை இறக்கப் போயிருப்பார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கடைக்கு ஓடினாள். ஐசாதா வருகிறாள்! குல்சாத்துக்குத் தெருவையே கட்டிக்கொள்ள வேண்டும்போலிருந்தது. பசையை எடுத்துக் கிழிந்த வரியைக் கதவில் பொருத்திக்கொண்டிருந்தபோது மின்கா வந்தாள்.

"உனக்குப் போனே போகலையாமே? முதலாளி என்கிட்ட பேசினாரு. பனியில பாலத்தை மூடிட்டாங்களாம், இன்னும் ருமேனியாவுலதான் நிக்கிறாராம். ஆபீசர்கிட்ட கெஞ்சி நாளைக்கு வரச் சொல்லுன்னாரு."