மொட்டை மாடியில் அப்பா, மியூட்டில் நான்

நடந்தது சுருக்கமாக:

1. தொலைநோக்கி வேலைக்கான நேர்காணலில் நான் சொன்ன முக்கியமான பதில் யாருக்கும் கேட்கவில்லை.
2. அப்பா பேசியது எல்லோருக்கும் கேட்டது.
3. அப்பா அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

அனகாபுத்தூரில் எங்கள் மாடியை உரசுவதுபோலத்தான் விமானங்கள் இறங்கும். அந்த இரைச்சலில் காணொளி நேர்காணல் எப்படிக் கொடுப்பது? நான் படித்த படிப்பிலேயே வழி இருந்தது. காற்றின் அலைச்சலில் நட்சத்திரங்கள் கலங்கித் தெரியும். பெரிய தொலைநோக்கிகள் வானில் லேசரைப் பாய்ச்சி ஒரு செயற்கை நட்சத்திரத்தை உண்டாக்கும். அது கலங்குவதை அளந்து, அதற்கேற்பக் கண்ணாடியை வளைத்துப் படத்தைச் சரிசெய்யும். விமானம் வந்தால், விமானியின் கண் கூசாதிருக்க லேசரை நிறுத்தியாக வேண்டும். அதைக் கவனிக்க ஆள் வைப்பதும் உண்டு.

நான் அப்பாவை வைத்தேன்.

"ப்ளேன் தெரிஞ்சா கத்துங்கப்பா, மியூட் பண்ணிடுவேன். போனதும் 'க்ளியர்'னு சொல்லுங்க."

"ஹெலிகாப்டர் வந்தா?"

"அதுக்கும்தான்."

"காக்கா?"

"அப்பா!"

ஆரம்பம் பிரமாதம். 'ப்ளேன்!' அழுத்தினேன். 'க்ளியர்!' அழுத்தினேன். (மைக்கை மூடவும் திறக்கவும் ஒரே பொத்தான். பொறியாளரான நான் அதை யோசிக்கவில்லை.) திடீரென்று, "ப்ளேன்! பின்னாடியே இன்னொரு ப்ளேன்!" என்றார். இரண்டு முறை அழுத்தினேன்; மூடிய மைக் உடனே திறந்துகொண்டது. அதற்குப் பிறகு எல்லாமே தலைகீழ்.

அப்போதுதான் நேர்காணல் குழுவினர் கேட்டார்கள்: கண்ணாடியில் செய்யும் திருத்தம் எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும்?

ஒவ்வொரு திருத்தமும் பிழையை வளர்க்கும் என்று அருமையாக விளக்கினேன், மியூட்டில். அவர்கள் காதைத் தொட்டுக் காட்டினார்கள். உன்னிப்பாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த 'ப்ளேன்!' வந்ததும் பொறுப்பாக அழுத்தினேன். விமானம் முழு இரைச்சலோடு நேர்காணலுக்குள் வந்தது. பின்னாலேயே அப்பா:

"க்ளியர்! நல்லா பேசறியாம்மா? பக்கத்து வீட்டு சாரும் வந்திருக்காரு, ரெண்டு பேரா பாக்கறோம்!"

ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்த குழுத் தலைவி தமிழுக்கு மாறினார். "உங்க பதில் கேக்கலைம்மா. ஆனா டெமோ நல்லா புரிஞ்சுது."

அப்பா வெயிலில் சிவந்த முகத்தோடு இறங்கி வந்தார். "ஒண்ணைக்கூட விடலை" என்றார். உண்மைதான். அளந்தவர் தவறவில்லை, திருத்தியவள்தான் தவறினாள். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "அப்ப என் வேலை உறுதி" என்றார்.

எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு வேறோர் இடத்தில் கிடைத்தது. அந்த நேர்காணலை விமான இரைச்சல் இல்லாத ஊரப்பாக்கத்தில், சித்தி வீட்டிலிருந்து கொடுத்தேன். (அப்பாவும் வந்தார். அங்கேயும் மாடிக்குப் போனார்.)

இப்போது அம்மா என் கல்யாணப் பேச்சை எடுத்தால், அப்பா கூரையைப் பார்த்து "ப்ளேன்!" என்பார். அம்மா உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். 'க்ளியர்' மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை.