தூசியடக்கி டில்லரி

சகோதரர் டில்லரி கையை நீட்டினால் நிலாத் தூசியே அடங்கிப் படுத்துவிடுமாம்! அந்த அற்புதத்தைக் காண ஃப்ளோரிடாவின் டைட்டஸ்வில்லில் முண்டியடித்தவர்கள் யார்? நிலாவில் கலம் இறக்கப்போகிற நிறுவனத்தின் பொறியாளர்கள். முனைவர்களுக்கு முன்வரிசை. ராசிக்காக வேர்க்கடலை கொறிக்காமல் ராக்கெட்டை ஏவவே பயப்படுகிற கூட்டம் வேறெப்படி இருக்கும்? அந்தப் பொறியாளர்களில் ஒருத்தியான லொரெட்டாவும் கொறிப்பவள்தான். அதனால் வாய்விட்டுச் சிரிக்க அவளுக்குக் கூச்சம்.

சிரிக்கிற நிலையிலும் அவள் இல்லை. ஆறு வருடம் உழைத்து அவள் உருவாக்கிய கேமரா ஏற்கெனவே நிலாவில் நிற்கிறது. கலம் இறங்கும்போது அதன் அனல்மூச்சில் தூசி கிளம்பும். தடுக்க அங்கே காற்றில்லை. ஒவ்வொரு துகளும் தோட்டாவாய்ப் பாயும். கேமரா குருடாகிவிடும். அதனால்தான் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டுக்குப் பின்னால் இறக்குவதாக ஏற்பாடு.

இப்போது நிறுவனத் தலைவர் கஸ் ஹான்லன் சொல்கிறார்: "சகோதரர் ஆசீர்வதிச்சுட்டா கேமரா பக்கத்துலயே இறக்கிடலாம். டிவியில ஜோராத் தெரியும்!"

டில்லரி தன் கண்ணாடிப் பெட்டியிலிருந்த சாம்பல்நிறத் தூசிமேல் கைவைத்து முணுமுணுத்தார். பிறகு தலைமுடி காயவைக்கிற கருவியால் ஊதினார். ஒரு துகள்கூட அசையவில்லை. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"சகோதரரே, இது நீங்க கொண்டுவந்த தூசிதானே?" என்றாள் லொரெட்டா.

"ஆமாம்மா. பக்குவப்பட்ட தூசி."

"எங்க ஆய்வுக்கூடத் தூசி கொஞ்சம் பாவம் பண்ணது. அதையும் ஆசீர்வதிங்களேன்."

"ஆரம்பிச்சுட்டியா உன் வம்பை!" என்றார் கஸ்.

"என் ஆறு வருஷத்துக்கு அரை நிமிஷம் தரக் கூடாதா கஸ்?"

கஸ் தலையாட்டினார். அவள் ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு வாளி நிலாத் தூசியை மேசைமேல் கொட்டினாள். டில்லரி ஒருமுறைக்கு மூன்றுமுறை ஆசீர்வதித்தார். வியர்த்தும் போனார். லொரெட்டா கருவியை அழுத்தினாள்.

புஸ்ஸ்! முன்வரிசை முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டு இருமியது.

அவள் டில்லரியின் பெட்டிக்குள் நகத்தால் கீறினாள். தூசி அப்பளமாய்ப் பெயர்ந்து வந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"ஹேர் ஸ்ப்ரே! எங்கம்மா சர்ச்சுக்குக் கிளம்புறப்ப அடிக்கிற அதே வாசனை!"

கஸ் நான்கு தும்மல் போட்டார். "மேட்டுக்குப் பின்னாலயே இறக்குங்கப்பா!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போன டில்லரி திரும்பி நின்று கத்தினார்: "உங்க தூசிக்கு நம்பிக்கை இல்லை!"

"அதனாலதான் சகோதரரே, இந்த அறையில அது ஒண்ணு மட்டும் ஏமாறல," என்றாள் லொரெட்டா. "தூசிக்கு இருக்கிற புத்தி எங்களுக்கு எப்ப வருமோ!"