ரோமாபுரியில் ஒரு திங்கட்கிழமை

தருமபுரிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மொட்டைக் குழந்தை. மண்டை முழுக்கச் சந்தனம். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு ரோம் நகரம் வருகிறது. கூடவே எரிச்சலும் வருகிறது.

ஒப்புக்கொள்கிறேன்: ரோமுக்குப் போய் ரோமைப் பார்க்காமல் திரும்பியவன் நான். எங்கள் பங்குச் சர்ச்சிலிருந்து யாத்திரை கிளம்பியபோது, மாரண்டஹள்ளியில் தக்காளி போடும் என் அக்கா பிலோமினாவுக்குத் துணையாக ஒட்டிக்கொண்டேன். பக்தியால் இல்லை. அந்தப் பழம்பெரும் நகரத்தைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதி உலகத்தை நடுங்க வைக்கும் உத்தேசம். (தோள்வரை முடி வளர்த்திருந்தேன். என் கவிதையில் பாதி அதில்தான் இருந்தது.) சுற்றிப் பார்க்க விட்டது ஒரே ஒரு நாள், கடைசித் திங்கட்கிழமை. மறுநாள் விமானம்.

அன்று காலை ஆற்றுப்பாலத்தில் நின்று, ‘ஈராயிரம் ஆண்டு வெயிலைத் தின்று பழுத்த கற்களே’ என்று எழுதி முடிப்பதற்குள் அக்கா தோளைத் தட்டினாள்.

“தம்பி, இங்க மொட்டை எங்கடா அடிப்பாங்க?”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

மாமா தக்காளி வண்டியோடு தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து ஐ.சி.யூ.வில் கிடந்தபோது நேர்ந்துகொண்டாளாம்: அவர் எழுந்து நடந்தால், ராயப்பர், அதாவது புனித பேதுரு, கல்லறை இருக்கும் ஊரிலேயே முடி கொடுப்பதாக. மாமா எழுந்தார், நடந்தார், மறுபடி வண்டியும் ஓட்டுகிறார். முடி மட்டும் அக்கா தலையிலேயே இருந்தது.

“நம்ம பக்கம் வேளாங்கண்ணி இல்லியாக்கா?”

“இவருகிட்ட கேட்டு வாங்கிட்டு அங்க போய்க் குடுத்தா நாயமா? ஒங்க மாமா வண்டிய எடுத்தா திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கறேன்டா. குடுக்காம நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன்.”

ரோமில் திங்கட்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. இதை எந்தக் கவிஞனும் பாடி வைக்கவில்லை. ஆக நான் கண்ட நித்திய நகரம் இதுதான்: இழுத்து மூடிய ஷட்டர், ஒரு தேவாலயம், மறுபடி ஷட்டர். ஒரு சந்து முனையில் கொலோசியம் ஒரு நொடி தலைகாட்டியது. “அங்க சலூன் இருக்காது, வா” என்று இழுத்துப்போனாள். கருங்கல் பாவிய தெருக்களில் என் குதிகால் தேய்ந்தது. தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் நல்ல தண்ணீர் நிற்காமல் கொட்டியது. அக்கா குனிந்து மூடும் திருகைத் தேடினாள். “மூடவே மாட்டாங்களாடா? பஞ்சாயத்துல கேக்க ஆளில்லியா?”

ஏழு குன்றுகளின் நகரம் இது என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே.

“இதுங்களா குன்று? நம்ம சித்தேரி மலைக்காரங்ககிட்டச் சொல்லிடாத, சிரிப்பாங்க.”

மதியம் தாண்டி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை திறந்திருந்தது. கடைக்காரர் வங்காளதேசத்துக்காரர். நான் ஆங்கிலத்தில் வியர்க்க வியர்க்க விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்தார்: “புரியுது சார், மெக்கா போனா எங்க ஆளுங்களும் அடிப்பாங்க.”

அக்கா கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பைத் தாண்டி விழுந்தது முடி. கண்ணை மூடி அழுதுகொண்டே செபம் சொன்னாள். நானோ, ஊர் பார்க்க வெளிச்சம் போகிறதே என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். அழும் பெண், கத்தும் ஆண், சவரக்கத்தியோடு இன்னொரு ஆண். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஓர் இத்தாலிய அம்மாள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு பெண் போலீஸார் வந்தார்கள். “இந்த ஆள் உங்களைக் கட்டாயப்படுத்துகிறாரா?” என்று அக்காவை ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

“எஸ் மேடம்,” என்றாள் அக்கா பணிவாக.

“ஐயோ, நோ சொல்லுக்கா!”

“போலீஸ்காரங்க கேக்கறப்ப மூஞ்சிக்கு நேரா இல்லன்னா சொல்றது?”

என் பாஸ்போர்ட் அவர்கள் கைக்குப் போனது. கடைக்காரர் இத்தாலிய மொழியில் மன்றாடியும் அவர்கள் நம்பவில்லை. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். “நீ மொதல்ல அடிச்சுக்கடா. வேண்டுதல்னு அப்பத்தான் நம்புவாங்க.”

உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடத்தில் என் கவிதை மொத்தமும் ரோமாபுரியின் தரையில் கிடந்தது. ஒரு போலீஸ்காரம்மா நெகிழ்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். பாஸ்போர்ட் திரும்பி வந்தது.

அடுத்து அக்கா உட்கார்ந்தாள். “மூணு எடத்துல துளித்துளி கத்தரிச்சா போதும்னு சொல்லுடா. பூமுடி.”

“மொட்டைன்னியே!”

“வூட்டுக்கு ஒரு மொட்டை போதும். அதான் நீ குடுத்துட்டியே.”

தனக்கென்று கொண்டுவந்திருந்த சந்தனத்தூளைத் தெருக்குழாய்த் தண்ணீரில் குழைத்து என் மண்டையில் பூசிவிட்டாள். வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று நின்று என்னைப் படமெடுத்தது. நான் பார்க்கப் போன நகரத்தில் நானே பார்க்கவேண்டிய இடமாகிப்போனேன்.

நெடுங்கவிதை இன்னும் அந்த ஒற்றை வரியோடு நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் பரீட்சை எழுதினாலும், “தைரியமா நேந்துக்க, மாமன் தலை இருக்கு” என்று என்னைக் கை காட்டுகிறார்கள்.

ஊர் திரும்பிய அன்று மாமா ஓசூர் வரை காய்கறி வண்டியைக் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, என் மண்டையைத் தடவித் தடவிச் சிரித்தார். “என் உசுருக்கு ஒன் முடியா மாப்ள?” நான் தருமபுரிப் பேருந்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். பக்கத்தில் உட்கார்ந்த அக்கா ஒரு கையால் கதவுக் கம்பியையும் மறு கையால் அவர் சட்டையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அவனுக்கு முடி வளந்துரும். நீங்க மெல்ல ஓட்டுங்க.”