கோழி இரைப்பை இனி யாருக்கு?

அன்புள்ள குவாமெனா மாமாவுக்கு,

சால்ட்பாண்டிலிருந்து அரபா பணிவுடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரில் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது, அதனால் எழுதுகிறேன். தாய்மாமன் நீங்கள்தான் எங்கள் வழக்கைத் தீர்க்க வேண்டும்.

கோழி அடித்தால் இரைப்பை வீட்டிலிருக்கும் மூத்த ஆணுக்கு. அப்பா தக்கொராடிக்கு வேலைக்குப் போனபின், பள்ளியை விட்டுவிட்டு அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து ஃபூஃபூ இடிக்கிறேன் என்பதற்காக, பெண்ணானாலும் அது எனக்கு வந்தது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இப்போது எகுவா அக்கா அக்ராவுக்குப் போய், உடம்பு இளைக்கத் தன் இரைப்பையை வெட்டிக் குறைத்துக்கொண்டு வந்து, கோழியின் இரைப்பையைக் கேட்கிறாள்! "முதல்ல கறி, அப்புறம்தான் ஃபூஃபூ. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இல்லேன்னா சதை கரைஞ்சிடுமாம்" என்கிறாள். சிறுவயதில் கறியை முதலில் தொட்டதற்கு அம்மா என் விரலில் கரண்டியால் போட்டாள். அதே அம்மா இப்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா மென்னு தின்னுடி, என் ராணி" என்கிறாள். அக்கா தின்பது மூன்று வாய்தான். அந்த மூன்று வாயும் என்னுடையவை.

போன மாதம், ஒப்பிட்டுப் பார்க்க ஒல்லியான தங்கை வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தையும் எடுத்தார்கள். ஒரு பிஸ்கட்கூடத் தரவில்லை. அக்கா குண்டாக இருந்தபோது, கறி மீனிலிருந்து வரும் மூன்று அமினோ அமிலங்கள் அவள் ரத்தத்தில் தேங்கிக் கிடந்தனவாம், வண்டி வராத நிலையத்தில் சனம் நிற்பதுபோல. இப்போது வண்டி ஓடுகிறதாம், கூட்டம் கலைந்துவிட்டதாம். அப்படியானால் கறியைக் குறைக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டாக்டரம்மா தாளைக் காட்டி, "பாரும்மா எகுவா, உன் அளவு இப்போ அப்படியே தங்கச்சி அளவு மாதிரி" என்றார். அக்கா அழுதாள். அம்மா அழுதாள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு. என் ரத்தத்தைக்கூட அவள் விட்டுவைக்கவில்லையே மாமா!

ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னீர்களாம். அன்று கோழி உண்டு. தட்டு வைப்பதற்கு முன்பே வந்து தீர்ப்புச் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் படகையும் வலையையும் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
அரபா

பின்குறிப்பு: அக்கா இதைப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, "அடி மக்கு, மாமா வந்தா இரைப்பை யாருக்குடி போகும்?" என்றாள். நான் அதை யோசிக்கவே இல்லை. பாதி அவளுக்கு, பாதி எனக்கு என்று பேசி முடித்துவிட்டோம். ஆகவே ஈஸ்டருக்கு வர வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு இவ்வளவு தூரம் ஆகாது. வந்துதான் தீருவீர்கள் என்றால், உங்கள் கோழியை நீங்களே கொண்டுவாருங்கள்.