ஒரு முழத்துக்கு மேல் நான்கு விரல்

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பிறந்தது நாயாறு என்ற கடற்கரை ஊரில். சம்பளம் வாங்குவது மீன்வள உத்தியோகத்தனாக. அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போய்வந்த வீட்டில், படகில் ஏறினாலே வாந்தி எடுக்கும் ஒரே பிள்ளை நான். ("இவனைப் படிக்க விடுவம், வேற வழியில்லை" என்று அப்பா சொன்னதை, என் கெட்டித்தனத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று ஊரில் சிலர் இன்னும் நம்புகிறார்கள்.) செவுள், செதில், சினை எல்லாவற்றையும் படத்தில் பார்த்தே பரீட்சையில் சித்தியடைந்தேன். முதல் நியமனம் கண்டாவளைப் பக்கத்துக் குளம் ஒன்றுக்குக் கிடைத்தது. கடல் இல்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

அந்தக் குளத்தில் மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவி செல்வராணி அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. தானே தோணி வலித்து, தானே வலை போட்டு, தானே மீன் கழற்றுவார். கணவர் காலில் யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டோடு நடமாடுபவர் என்பதால் வீட்டு உழைப்பு முழுவதும் அவருடையது. அதிகம் பேசமாட்டார். பேசுகிறவர்களை நன்றாகப் பார்ப்பார்.

நான் போன நேரம் குளத்தில் விரால் குறைந்துகொண்டு வந்தது. காரணம் எனக்குத் தெரியும், புத்தகத்தில் இருந்தது. விரால் சோடியாக நின்று குஞ்சு காக்கிற மீன். தண்ணீருக்கு மேலே சிவப்பாக ஒரு திட்டு அசைந்தால் அது குஞ்சுக் கூட்டம். அதற்குக் கீழே தாயோ தகப்பனோ நிற்கும். சிவப்பைப் பார்த்து வலையை வீசினால் பெரிய மீன் நிச்சயம். காவல் போனதும் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று முடித்துவிடும். ஆகவே பெரிய விராலைப் பிடித்தால் திரும்ப விட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு மணிநேரம் பேசினேன்.

செல்வராணி அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சேர், சின்ன மீனை விடச் சொன்னா எங்களுக்கு விளங்கும். பெரிசை விடச் சொல்லுறீங்கள். ஒரு கிழமை முழுக்க வலைய இழுத்து ஒரு பெரிய விரால் வாற நாளிலதான் நாங்கள் கொஞ்சம் மூச்சு விடுறது."

"அக்கா, அந்தப் பெரிசு நிண்டாத்தான் அடுத்த வருசம் உங்களுக்கு விரால் இருக்கும்."

"அடுத்த வருசம் எண்டு ஒண்டு வரும் எண்டு நீங்கள் பொறுப்போ?"

நான் பொறுப்பு என்றேன். (அப்போது எனக்கு வயது இருபத்தாறு. அந்த வயதில் எதற்கும் பொறுப்பு நிற்கலாம்.)

"சரி. பெரிசு எண்டா எவ்வளவு?"

"ஒரு முழத்துக்கு மேல."

"ஆரின்ர முழம் சேர்?"

கூட்டம் சிரித்தது. நான் கையை நீட்டி, "என்ர முழம்" என்றேன். என் கை கட்டை என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வேலியில் நின்ற கிளிசரியா மரத்தின் தடி ஒன்றை என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து வெட்டி, மீன் நிறுக்கும் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டார்கள். என் கை கட்டையாக இருந்ததால் எத்தனையோ பேர் எத்தனையோ மீனைத் திரும்ப விட்டார்கள். முணுமுணுத்தார்கள்; ஆனாலும் விட்டார்கள். மீறினால் ஒரு மாதம் குளத்தில் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஒருவரும் மீறவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். ஒப்பரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். என் மனைவி சுகந்தி, ஆஸ்பத்திரியிலிருந்து கிளிநொச்சியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தும் நிமிர்ந்து நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். நாயாற்றிலிருந்து அம்மா நாளுக்கு மூன்று தரம் போன் எடுத்தார்.

"விரால் குடுத்தனியே? காயம் ஆற விரால்தான். மீன் கந்தோரில வேலை செய்யிறாய், உன்ர மனிசிக்கு ஒரு விரால் இல்லையே?"

சந்தையில் விரால் இல்லை. மீன் வாங்கி விற்கும் நிசார் நானாவிடம் கேட்டேன். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வந்து, பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் குளம் குளமாகப் போகிறவர். "இந்தக் கிழமை கிடைக்காது தம்பி" என்றார். என் மூன்று நாள் லீவும் முடிந்துவிட்டது. நாலாம் நாள் காலை, குளத்தைப் பார்வையிடப் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டு, பையில் ஒரு தூண்டிலோடு போனேன். அளவுக்கு உட்பட்ட ஒரு நடுத்தர விரால். அவ்வளவுதான் என் எண்ணம். சத்தியமாக.

வலைக்காரர் எல்லோரும் விடியவே வேலை முடித்துப் போய்விட்டார்கள். அணைக்கட்டில் ஒருவருமில்லை. தாமரைப் பற்றைக்குப் பக்கத்தில், தவளைக் குஞ்சு ஒன்றைக் கொழுவித் தூண்டிலைப் போட்டேன். சற்று நேரத்தில் யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து என் கையைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. நானும் இழுத்தேன். விழுந்தேன். எழும்பி இன்னும் இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் பிடித்த முதல் மீன் கரையில் கிடந்து என்னைப் பார்த்தது.

பக்கத்தில் கையை வைத்து அளந்தேன். முழத்தைவிடக் கூட. விரல்களை நன்றாக நீட்டி அளந்தேன். அப்போதும் கூட. மீனின் வால் அளவில் சேராது என்று தீர்மானித்து வாலை மடித்துவிட்டு அளந்தேன். சட்டம் போட்டவன் நான். அதில் ஓட்டை தேடி ஈர மண்ணில் குப்புறப் படுத்துக் கிடந்தவனும் நான்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சுகந்தி கண்ணுக்குள் வந்தாள். ஒரு தரம் மட்டும் என்று மீனை ஈரச்சாக்கில் சுற்றி, கந்தோர்ப் பைக்குள், கோவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

பத்து மணி பஸ்ஸில் ஏறி இருந்தேன். அடுத்த தரிப்பில் செல்வராணி அக்கா ஏறி, என் பக்கத்து இருக்கையிலேயே இருந்தார்.

"பிள்ளை எப்பிடி சேர்? தாய் நடக்கிறாவோ?"

"ஓம் அக்கா. கொஞ்சம் கொஞ்சமா."

"நல்லது. சங்கத்துக் கடிதம் ஒண்டு உங்களிட்டை இருக்கெண்டு சொன்னனீங்கள். இப்ப தாறீங்களோ?"

கடிதம் பைக்குள் இருந்தது. மீனுக்கு மேலே. "கந்தோரில இருக்கு" என்றேன். அன்றைய முதல் பொய்.

விரால் தண்ணீர் இல்லாமலும் மணிக்கணக்காக உயிரோடிருக்கும். இதையும் நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த அறிவு, பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து, காலடியில் இருந்த என் பை தானாக ஒரு அடி முன்னுக்கு நகர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

"சேர், உங்கட பை நடக்குது" என்றார் கொண்டக்டர்.

நான் காலால் அமத்தினேன். பை என் காலை உதைத்தது. பிறகு ஒரு பெரிய துள்ளல். பையின் பழைய சிப் விட்டுக்கொடுத்தது. திணைக்களத்துக் கோவைகளோடு விரால் பஸ்ஸின் நடுவழியில் விழுந்து, சாரதியை நோக்கிப் போகத் தொடங்கியது. பாம்பென்று யாரோ கத்தினார்கள். இருந்தவர்கள் எல்லோரும் காலைத் தூக்கி இருக்கையில் வைத்தார்கள். சாரதி பஸ்ஸை நிறுத்தினார். நான் முழங்காலில் தவழ்ந்து மீனைத் துரத்தினேன். இரண்டு தரம் பிடித்தேன். இரண்டு தரமும் அது என் கையிலிருந்து வழுக்கிப் போனது.

செல்வராணி அக்கா எழுந்து வந்தார். தோளில் கிடந்த துவாயை மீனின் தலையில் போட்டார். இரண்டு கையாலும் தூக்கினார். அது அடங்கிவிட்டது. பஸ்ஸும் அடங்கிவிட்டது.

"எங்கட குளத்து மீனோ சேர்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நானோ, "இல்லை அக்கா, நாயாத்தில இருந்து அம்மா குடுத்து விட்டவா" என்றேன்.

"நாயாத்துக் கடல்லயோ?"

"ஓம்."

"கடலுக்குள்ள விரால் எப்ப வந்தது?"

பஸ்ஸே வெடித்துச் சிரித்தது. மீன்வள உத்தியோகத்தனாகிய நான் சாக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"எந்த இடத்தில பிடிச்சனீங்கள்?"

"தாமரைப் பக்கம்" என்றேன்.

"அங்க சிவப்புக் குஞ்சு நிக்குது சேர். நேற்றுப் பாத்தனான். வலைய விலத்திப் போட்டனான்." மீனை ஒரு தரம் பார்த்தார். "தாயோ தகப்பனோ, ஒண்டு குறைஞ்சிட்டுது."

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் சொன்னார்: "பாவம், பிள்ளை பெத்த மனிசிக்குக் கொண்டு போறார். விடுங்கோவன்."

அக்கா சற்று யோசித்தார். பிறகு மீனை என்னிடம் நீட்டினார்.

"கொண்டு போங்கோ சேர். வீட்டில தேவை எண்டா கொண்டு போங்கோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே தந்தார். அதை வாங்க என் கை எழவில்லை. "இறங்குவம் அக்கா, குளத்தில கொண்டுபோய் விடுவம்" என்றேன்.

நல்ல காலம், நிசார் நானா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். பெட்டிக்குள் தண்ணீர் விட்டு மீனை வைத்து, அக்காவை ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அதில் இடமில்லை. வெயிலுக்குள் குளம்வரை நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் மீனைத் தடியோடு வைத்து அளந்து முடித்திருந்தார்கள். ஒரு முழமும் நான்கு விரலும். "நீங்கதான் விடவேணும்" என்றார் அக்கா. கந்தோர்க் காற்சட்டையோடு தாமரைப் பற்றைக்குள் இறங்கி, மீனைத் தண்ணீருக்குள் பிடித்தேன். அது அசையவில்லை. கையை எடுத்தேன், சரிந்தது. திரும்பப் பிடித்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மகள் பிறந்த அன்று அறைக்கு வெளியே நின்றதுபோல நின்றேன். பிறகு அதன் வால் என் மணிக்கட்டில் ஒருமுறை அடித்தது. போய்விட்டது.

குஞ்சுகளை அது திரும்பக் கண்டதோ எனக்குத் தெரியாது. அக்காவும் தெரியாது என்றுதான் சொன்னார்.

நிசார் நானா என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்சத் தூரம் போனபின் தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"தம்பி, போன மாரிக்கு அக்காட மனுசனுக்குக் காலில இருந்த ஷெல் துண்டை வெட்டி எடுத்தாங்களெல்லோ. அந்தக் கிழமை அவாட வலையில இதைவிடப் பெரிசு ஒண்டு வந்தது. நான் பக்கத்தில நிண்டனான். 'வீட்டுக்குக் கொண்டு போங்கோ அக்கா, நான் ஆரிட்டையும் சொல்லன்' எண்டனான்."

"என்ன செய்தவா?"

"தடியில வைச்சுப் பாத்தா. விட்டுட்டா."

மிச்ச வழி முழுவதும் என் கட்டைக் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சுகந்தி படுத்திருந்தாள். சேறும் மீன் வெடுக்குமாக நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன். குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டவள், கடைசியில் கேட்டாள்:

"விரால் மணத்தாலே எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வாறது உங்களுக்குத் தெரியாதே?"

கல்யாணம் முடித்து இரண்டு வருடம். தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, சட்டப்படி எனக்கும் தடை போடுங்கள் என்றேன். கொஞ்சநேரம் குசுகுசுத்தார்கள். சேருக்கு மீன் பிடிக்கத் தெரியாது, குளத்தில் இறங்கத் தடை போட்டு என்ன பயன் என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். அக்கா கூட்டக் குறிப்பேட்டை என் முன்னால் வைத்தார். "உங்கட எழுத்துத்தான் வடிவு. நீங்களே எழுதுங்கோ." முதல் மீறல் என்று என் பெயரை நானே வடிவாக எழுதிக் கையொப்பம் வைத்தேன். அதன் கீழே இன்றுவரை இரண்டாவது பெயர் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்கு வந்தார். சுகந்திக்கு விரால் ஒத்துக்கொள்ளாது என்று எப்படியோ அறிந்து, முருங்கையிலையும் ஒரு பை முட்டையும் கொண்டுவந்தார். மகளை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மீனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மகள் இப்போது நாலாம் வகுப்பு. இந்தக் கதையை அவள் தாயிடமிருந்து கேட்டுப் பழகி, வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தானே நடித்துக் காட்டுகிறாள். பஸ்ஸில் தவழ்வது நான். துவாய் போடுவது அவள். நான் எந்தப் பையோடு வாசல்படி ஏறினாலும், குசினியிலிருந்து சுகந்தியின் குரல் வரும்:

"உயிரோட ஏதும் இருக்கோ?"

இல்லை என்று சொன்னால் போதாது. திறந்து காட்ட வேண்டும்.